கேளாத காதுக்கு யார் பொறுப்பு?

தில்லியின் சாணக்யபுரியில் இருக்கும் ஒரு தூதரகம் தன் மொட்டைமாடியில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் பொருத்த வேண்டுமானால் இந்திய அரசின் சம்மதம் வாங்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 27-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அதே பிரிவு மற்ற வழிகளில் மிகத் தாராளமானது. தூதரகப் பையைப் பிரிக்கக் கூடாது, கடிதங்களில் கை வைக்கக் கூடாது, சங்கேத மொழியில் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வயர்லெஸ் ஒன்றுக்குத்தான் அனுமதி கேட்கச் சொல்கிறது. கடிதம் விலாசத்தில் இருப்பவரிடம் போய்ச் சேரும். அலைக்கு விலாசம் கிடையாது. மதில்சுவர் தாண்டி, சாந்தி பாத் தாண்டி, யார் கையில் கருவி இருக்கிறதோ அவரிடமெல்லாம் போகும்.

அதே பேட்டையில், நீதி மார்க்கில், வாடிகனின் தூதரகம் இருக்கிறது. அலையில் போகும் சொல்லுக்கு ஆன்மிக மதிப்பு உண்டா என்ற கேள்வியை வாடிகன் அளவுக்கு நீண்ட காலம், சட்ட வாசகங்களோடு, யோசித்த மத அமைப்பைக் காண்பது அரிது. 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வாடிகன் வானொலியைப் பதினோராம் பயஸ் தம் குரலால் தொடங்கி வைத்தார். ஒரு திருத்தந்தையின் குரல் வானொலியில் உலகெங்கும் கேட்டது அதுதான் முதல் தடவை. கூடவே ஒரு சிக்கலும் பிறந்தது. சதுக்கத்தில் மண்டியிட்டவருக்குக் கிடைக்கும் ஆசீர், ஆயிரம் மைலுக்கு அப்பால் கரகரக்கும் பெட்டி முன் மண்டியிட்டவருக்கும் கிடைக்குமா?

பின்னர் வாடிகனின் விதிமுறை இதற்குப் பதில் தந்தது. 'ஊருக்கும் உலகுக்கும்' என்று திருத்தந்தை வழங்கும் ஆசீரை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பக்தியோடு பின்தொடர்பவருக்கும், உரிய நிபந்தனைகளின்படி, பரிபூரண பலன் உண்டு. அதே சமயம், திருவருட்சாதனங்கள் அலைவழியே வரமாட்டா. இணையத்தில் திருவருட்சாதனங்கள் கிடையாது என்று 2002-இல் வெளியான வாடிகன் ஆவணம் வெளிப்படையாகவே சொன்னது. 2020 மார்ச் 27 மாலை, கொரோனா ஊரடங்கில் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில், மழையில், திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஆசீரை வழங்கியபோது கேட்டவர்கள் எல்லாருமே தூரத்தில் இருந்தவர்கள்தான்.

அவர்களில் ஒருவருடைய கைப்பேசியில், சரியாக அந்த நிமிடத்தில், படம் உறைந்து நின்றிருந்தால்? இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பலரை நோக்கிப் பேசும் எவரும், அவர் குருவானாலும் அரசானாலும் பொறியாளரானாலும், இதிலிருந்து தப்ப முடியாது. கேட்காமல் போனவர் விஷயத்தில் பேசியவரின் கடமை எதுவரை? கத்தோலிக்கத் திருச்சபை பாரத்தைக் கேட்பவரின் நோக்கத்தின் மீது வைக்கிறது. மனம் ஒன்றி நின்றால், இடையில் விட்டுப்போனதை அந்த மனமே நிரப்பும். ஆசீருக்கு அது போதும். எல்லாச் சொல்லும் ஆசீர் ஆகிவிடாது.

சாணக்யபுரியை ஒட்டிய ராமகிருஷ்ணபுரத்தில், ஒரு சிறு குன்றின்மேல், உத்தர சுவாமிமலை இருக்கிறது. தில்லித் தமிழர்கள் மலை மந்திர் என்று அழைக்கும் இந்தக் கோயிலில் 1973-இல் குடமுழுக்கு நடந்தது. இங்கே உறைபவர் சுவாமிநாதர். பிரணவத்தின் பொருளை அப்பனுக்குப் பிள்ளை உபதேசித்த தலத்தின் மூர்த்தி. அந்தக் கதையில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது குருவாக அமர்ந்த குழந்தையை. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. உபதேசம் காதருகே நடந்தது. ஒரு வாய், ஒரு செவி. சரியாகக் கேட்கவில்லை என்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும், திரும்பச் சொல்லலாம்.

வைணவத்திலும் அதே முறைதான் நெடுநாள் இருந்தது. ஓராண் வழி என்று அதற்குப் பெயர். ஆசாரியர் ஒருவர், சீடர் ஒருவர். திருக்கோட்டியூர் நம்பியிடம் ரகசியார்த்தம் கேட்க ராமானுசர் பதினெட்டு முறை நடந்தார் என்று மரபு சொல்கிறது. பெற்ற பிறகு கோபுரத்தின்மேல் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த கதை. தகுதியற்றவர் காதில் விழுந்துவிடுமே என்பது நம்பியின் அச்சம். தான் ஒருவன் நரகம் போனாலும் கேட்டவர்கள் எல்லாம் கரையேறட்டும் என்பது ராமானுசரின் துணிவு. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்தக் கதை அந்தத் துணிவுக்காகவே போற்றப்படுகிறது, அது தகும்.

கோபுரத்தின் அடியில் கூட்டத்தின் கடைசியில் நின்றவரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. மேல்காற்று அடித்திருக்கும். பக்கத்தில் ஒரு குழந்தை அழுதிருக்கும். எட்டெழுத்தில் ஓரெழுத்து அவரிடம் வந்து சேராமல் போயிருக்கும். தகுதியில்லாதவர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தகுதியுள்ளவர் தவறாகக் கேட்டுவிடுவாரோ என்ற பயம் அதைவிட நியாயமானது.

ராமானுசர் இதை உணர்ந்திருந்தார் என்றே அவருடைய பிற்காலப் பணியைப் பார்க்கும்போது தோன்றுகிறது. கோபுரத்தோடு அவர் நிற்கவில்லை. எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்று சம்பிரதாயம் சொல்கிறது. சொல் பலவீனமடையும் தூரத்துக்கு முன்பே அதைப் பெற்று மீண்டும் உரக்கச் சொல்ல ஆட்கள். அதோடு, இன்றுவரை ஒரு வைணவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் நடக்கும்போது, ஊரறிந்த அதே மந்திரத்தை ஆசாரியர் தனியாக உபதேசிக்கிறார். எல்லாருக்கும் ஒருமுறை அறிவித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் பிறகு சரிபார்த்துக் கொடுப்பது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் கணிப்பொறிப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் தலையை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்த இடம் இதற்கு வெகு அருகில் இருக்கிறது.

வீட்டு வைஃபை பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு கைப்பேசிக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால், கைப்பேசி சில மைக்ரோ விநாடிகளில் 'வந்தது' என்று ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிட்டால் பெட்டி மறுபடி அனுப்பும், அப்போதும் வராவிட்டால் மறுபடி. காற்று வழியில் இடையூறு மிகுதி. பக்கத்து வீட்டுப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, நடுவில் ஒரு கான்கிரீட் சுவர், குறுக்கே நடக்கும் மனித உடல், எல்லாம் பாக்கெட்டைத் தின்னும். ஆனாலும் ஒருவர்–ஒருவர் என்ற வரையில் விடாமல் திருப்பி அனுப்பியே சமாளித்துவிடும்.

ஒரே காணொளியை ஐம்பது பேருக்கு ஒரே வீச்சில் அனுப்பும்போது, அதாவது மல்டிகாஸ்ட் செய்யும்போது, இந்த ஏற்பாடு குலைகிறது. ஐம்பது பேரும் ஒரே கணத்தில் ஒப்புகை அனுப்பினால் அவை ஒன்றோடொன்று மோதி எதுவும் புரியாமல் போகும். ஆகவே வைஃபை விதிமுறை நெடுங்காலம் ஒரு எளிய முடிவில் இருந்தது. கூட்டத்துக்கு அனுப்பும் பாக்கெட்டுக்கு ஒப்புகை வேண்டாம், மறுமுறையும் வேண்டாம். ஒரே ஒரு தடவை, மெதுவான வேகத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. தனி ஒருவருக்கு அத்தனை கவனம் காட்டும் அதே பெட்டி, கூட்டம் என்றதும் கைகழுவிவிட்டது. 2012-இல் வந்த 802.11ஏஏ என்ற திருத்தம்தான் கூட்டத்துக்கும் மறுமுறை அனுப்ப முறையான வழிகளைச் சேர்த்தது.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மனிதர்களும் இப்படித்தான் நடக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புரியும்வரை பாடம் சொல்லும் ஆசிரியை, அறுபது பேர் வகுப்பில் 'எல்லாருக்கும் புரிந்ததா?' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கம் புரட்டுகிறார். கேட்பவர் பெருகப் பெருக, ஒவ்வொருவர் மீதும் பேசுபவருக்கு உள்ள பொறுப்பு மெலிந்துகொண்டே போவதாக நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். அது சரிதானா?

சிலர் கீதையைத் துணைக்கு அழைப்பார்கள். செயலில்தான் அதிகாரம், பலனில் இல்லை. ஆகவே அனுப்புவது என் வேலை, சேர்வது அவன் விதி. இது கீதைக்குச் செய்யும் நியாயம் இல்லை. பலனில் பற்றை விடச் சொல்லும் அதே இரண்டாம் அத்தியாயம், செயலைத் தேர்ச்சியோடு செய்வதையும் யோகமாகத்தான் கருதுகிறது. பலனைப் பற்றிக் கவலைப்படாதவனுக்குச் செயலில் அசட்டை காட்டச் சலுகை கிடையாது. ஒப்புகை வராது என்று முன்கூட்டியே தெரிந்தவன், அனுப்பும்போதே கூடுதல் சிரத்தை எடுக்க வேண்டியவன் ஆகிறான்.

அந்தச் சிரத்தைக்கு இந்தியாவில் மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. வேதம் ஓதும் கன பாடத்தில் சொற்களை ஒன்று–இரண்டு, இரண்டு–ஒன்று, ஒன்று–இரண்டு–மூன்று, மூன்று–இரண்டு–ஒன்று, மறுபடி ஒன்று–இரண்டு–மூன்று என்று முன்னும் பின்னும் பின்னுவார்கள். பிறகு இரண்டாம் சொல்லிலிருந்து இதே பின்னல். இப்படிப் போனால் நடுவில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பதின்மூன்று தடவை, வெவ்வேறு அண்டைச் சொற்களோடு, வெவ்வேறு திசையில் ஒலிக்கும். ஓரிடத்தில் நா பிறழ்ந்தால் மற்றப் பன்னிரண்டும் காட்டிக்கொடுக்கும். எழுத்தில்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கடக்க வேண்டிய பாதையில், கேட்கப்போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. 'வந்ததா?' என்று அவனிடம் கேட்க வழியில்லை. ஆகவே திருத்தத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். வேதம் ஓதும் மரபை யுனெஸ்கோ 2003-இல் மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் அந்த மரபு இத்தனை காவலையும் மிகச் சிலருக்குள் வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாசல் பெரும்பாலோருக்கு மூடியிருந்தது. ராமானுசரின் கோபுரமும் கன பாடத்தின் பின்னலும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது யோசிக்கத் தக்கது.

அந்தக் கூடல் கணிதத்தில் நடந்தது. 1948-இல் கிளாட் ஷானன், இரைச்சல் நிறைந்த பாதையிலும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குள் நின்றால் பிழையை விரும்பிய அளவு குறைக்கலாம் என்று நிறுவினார். அரை நூற்றாண்டு கழித்து, 1998-இல், பையர்ஸ், லூபி, மிட்ஸன்மாக்கர், ரெகே ஆகிய நால்வர் 'டிஜிட்டல் நீரூற்று' என்ற யோசனையை வைத்தார்கள். கோப்பை ஆயிரம் துண்டுகளாக வெட்டுவது. அந்தத் துண்டுகளைப் பலவிதமாகக் கலந்து புதிய பாக்கெட்டுகளை முடிவில்லாமல் தயாரித்துக் காற்றில் விடுவது. கேட்பவர் எந்தெந்தப் பாக்கெட்டைத் தவறவிட்டார் என்பது முக்கியமே இல்லை. ஆயிரத்துக்குச் சற்று அதிகமாக ஏதோ சில வந்து சேர்ந்தால் போதும், முழுக் கோப்பும் மீளும். ஊற்றின் கீழ் குடம் வைத்தவர் எந்தத் துளி விழுந்தது என்று பார்ப்பதில்லை, நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போகிறார். இந்த வழியில் பின்னர் வந்த ராப்டர்க்யூ என்ற முறையில், தேவைக்கு மேல் இரண்டே பாக்கெட் கூடுதலாக வந்தால், மீட்க முடியாமல் போகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது.

இதற்குள் இருக்கும் கலவையின் நுட்பத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒருவர் முதல் பாக்கெட்டை இழந்தார், இன்னொருவர் இரண்டாவதை. இரண்டையும் தனித்தனியே மறுபடி அனுப்பலாம். அல்லது இரண்டையும் பிட்டுக்குப் பிட் கூட்டி ஒரே பாக்கெட்டாக அனுப்பலாம். முதலாமவர் தன்னிடம் இருக்கும் இரண்டாவதைக் கழித்து முதலாவதைப் பெறுவார். மற்றவர் முதலாவதைக் கழித்து இரண்டாவதைப் பெறுவார். வெவ்வேறு இழப்புக்கு ஒரே பரிகாரம். அனுப்பியவருக்கு யார் எதை இழந்தார் என்று துல்லியமாகத் தெரிந்திருக்கக்கூடத் தேவையில்லை, கலவையைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். பெறுபவரின் குறையைப் பட்டியலிட்டு விசாரிக்காத கருணையைப் பற்றி எல்லாச் சமயங்களும் பேசியிருக்கின்றன. அதற்கு ஒரு கணித உருவம் இருப்பது இந்தக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று.

ஆனாலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷன் ராமாயணம் ஒளிபரப்பியபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, வீடு நிறையக் கூடி உட்கார்ந்தார்கள். நிலையத்திலிருந்து தூரத்தில் இருந்த ஊர்களில் திரையில் புள்ளிகள் மழையாய்ப் பொழியும். அந்த மழைக்கு நடுவே ராமன் மங்கலாகத் தெரிவான். மங்கலாகத் தெரிந்தவனையும் கும்பிட்டார்கள். அனலாக் ஒளிபரப்பின் குணம் அது. அலை மெலிய மெலியப் படம் மங்கும், ஆனால் மறையாது. டிஜிட்டல் வந்ததும் இந்த இடைநிலை போய்விட்டது. ஓர் எல்லைவரை துல்லியமான படம், அதற்கு ஓரடி அப்பால் வெறும் இருட்டு. நடுவில் இருப்பவருக்குப் படம் சீரானது. விளிம்பில் இருந்தவருக்கோ, இருந்த கொஞ்சமும் பறிபோனது.

இங்கே நீதி பற்றிய கேள்வி நேராக எழுகிறது. அனைவருக்கும் ஒரே அலை என்றால் எந்த வேகத்தில் அனுப்புவது? மிகப் பலவீனமான கருவிக்கு ஏற்றபடி என்றால், நல்ல கருவி வைத்திருப்பவர்கள் எல்லாரும் மங்கலான படத்தோடு திருப்தியடைய வேண்டும். பெரும்பாலோருக்கு ஏற்றபடி என்றால் விளிம்பில் இருப்பவர் கழற்றிவிடப்படுவார். ஜான் ரால்ஸ் 1971-இல் 'நீதியின் கோட்பாடு' நூலில், ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது மிகவும் கீழே இருப்பவருக்கு நன்மை தர வேண்டும் என்று வாதிட்டார். நெட்வொர்க் பொறியாளர்களின் பாடநூல்களிலும், மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்கை முதலில் உயர்த்து என்ற விதி உண்டு. காணொளியை அடுக்குகளாகப் பிரிப்பது இதற்குக் கிடைத்த நல்ல நடைமுறை. அடிப்படை அடுக்கில் மங்கலான, ஆனால் முழுமையான படமும் தெளிவான குரலும். அதற்குத்தான் மிகப் பலமான பிழைக்காப்பு. மேலடுக்குகள் கூர்மையைச் சேர்க்கும், முடிந்தவர் பெறட்டும். மேலே இருப்பவருக்கு அழகான படம் கிடைப்பதை யாரும் தடுக்கவில்லை, கீழே இருப்பவர் இருட்டில் விடப்படவும் இல்லை.

அடிப்படை அடுக்கு என்பது எவ்வளவு பெரிய சொல் என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் உருவானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். அவர்கள் தொழில் வாரக்கணக்கில் தங்கிச் செய்வது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசி சிக்னல் கிடையாது. எச்சரிக்கை வெளியிடப்பட்டது என்று ஒரு தரப்பு சொன்னது, எங்களுக்கு வரவில்லை என்று கரையில் நின்ற குடும்பத்தினர் சொன்னார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. வெளியிடுவது ஒன்று, சேர்ப்பது இன்னொன்று என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் விளக்க முடியாது. கேட்பவரின் பக்தி, ஆசீரில் விட்டுப்போனதை நிரப்பலாம். புயல் எச்சரிக்கையில் விட்டுப்போனதை எந்த மனநிலையாலும் நிரப்ப முடியாது.

2019 அக்டோபரில் ஜெமினி என்ற சிறு கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. விமானங்களுக்கு வழிகாட்ட ஏற்படுத்தப்பட்ட ககன் செயற்கைக்கோள் அலைவரிசையிலேயே கடல் எச்சரிக்கையும் வரும், கருவி அதைப் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குத் தரும். ககன் போன்ற அமைப்புகளில் விநாடிக்கு 250 பிட்தான் செய்தி. ஒவ்வொரு பிட்டும் பிழைக்காப்புக்காக இரண்டு குறிகளாக விரிந்து 500 குறிகளாகப் பயணிக்கிறது. பாதிக்குப் பாதி இடத்தை, கேட்காமல் போய்விடக் கூடாதே என்ற கவலைக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். இது ஒருவழிப் பாதை. படகிலிருந்து 'கேட்டது' என்று பதில் சொல்ல வழியில்லை. சுவாமிமலையில் சிவனின் முகம் கண்முன் இருந்தது. இங்கே கரையில் இருப்பவருக்கு முகமே தெரியாது, சிரத்தை ஒன்றுதான் மிச்சம்.

சாணக்யபுரியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது கர்தவ்ய பாத். பிரசார் பாரதி, ஐஐடி கான்பூர், பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் ஆகியவை சேர்ந்து, சிம் கார்டோ இணையமோ இல்லாமல் கைப்பேசிக்கே நேராகக் காணொளி அனுப்பும் டி2எம் முறைக்கான சோதனையை அங்கும் நடத்தின. அது ஏடிஎஸ்சி 3.0 என்ற தரத்தை நம்புகிறது. அந்தத் தரத்தில் நீரூற்றின் வாரிசான ராப்டர்க்யூ உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அனுப்பும் வசதியும் உண்டு. உள்ளடுக்கு பலமானது, கட்டடத்துக்குள்ளும் ஓடும் பேருந்திலும் மலிவான கைப்பேசியிலும் பிடிக்கும். மேலடுக்கு நல்ல படம் தரும், நல்ல ஆன்டெனாவும் கேட்கும். உள்ளடுக்குக்கு மின்திறனில் எவ்வளவு பங்கு கொடுப்பது என்பது டெசிபலில் ஓர் எண். ஒளிபரப்பை இயக்குபவர் அந்த எண்ணை அமைக்க வேண்டும், உள்ளடுக்கில் பேரிடர் அறிவிப்பும் பள்ளிப் பாடமும் போகுமா, விளம்பரமும் விளையாட்டும் போகுமா என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணை ஒரு பொறியாளரின் மேசையில் விட்டுவிடக் கூடாது. சேவை நாடெங்கும் தொடங்கும் முன்பே, வள்ளவிளைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் ஓர் அரங்கில் அது பேசி முடிவாக வேண்டும்.